எந்த வயதில் எதற்குப் பயப்படுவது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்'. நல்ல தலைப்புதான். ஆனால் அதில் பேசினால் காய்கறி சாப்பிடுங்கள், தினமும் நடங்கள், கவலைப்படாதீர்கள் என்று மூன்று வரியில் முடிந்து போகும். சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு என்னுடையது என்பதால் சிலருக்கு அதுவே வசதியாக இருந்திருக்கும். இருந்தாலும் செயலாளரிடம் கேட்டுத் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் கொண்டேன்.

காரணம், இந்த அரங்கில் 17 வயதிலிருந்து 80ஐத் தாண்டியவர்கள் வரை இருக்கிறீர்கள். இத்தனை வயதும் ஒரே கூரையின் கீழ் கூடுவது கல்யாண வீட்டில், அதை விட்டால் இங்கேதான். எல்லோருக்கும் ஒரே ஆரோக்கிய அறிவுரை சொன்னால் அது யாருக்கும் பொருந்தாது.

நான் 1976இல் இங்கே பி.யு.சி. படித்து, பிறகு மருத்துவம் படித்து, ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவனாக உட்கார்ந்தவன். அங்கே தினமும் பார்க்கிறேன்: பயம் ஒரு பக்கம் இருக்கும், ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கும். 22 வயதுப் பையன், ‘டாக்டர், நெஞ்சுல சுருக்குனு குத்துது, ஈ.சி.ஜி. எடுத்துடலாமா?' என்று வருவான். வாசலில் அவன் பைக் நிற்கும், ஹெல்மெட் இருக்காது. 48 வயது மகன், அம்மாவின் பிரஷரைப் பார்க்க மாதா மாதம் தவறாமல் கூட்டி வருவார். ‘உங்களுக்கு எப்போ பார்த்தீங்க?' என்றால் ‘எனக்கென்ன சார், நல்லாத்தானே இருக்கேன்' என்பார். 78 வயதுப் பெரியவர் கொலஸ்ட்ரால் பயத்தில் நெய், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டிருப்பார். ராத்திரி விளக்குப் போடாமல் ஈரக் குளியலறைக்குப் போவார். மூன்று பேரும் பயப்படத் தெரியாதவர்கள் இல்லை. வயது மாறிப் பயப்படுகிறவர்கள்.

நம்மில் பலர் எல்.ஐ.சி. பாலிசி எடுத்திருக்கிறோம். வயது ஏற ஏறப் பிரீமியம் ஏன் ஏறுகிறது என்று ஏஜெண்டைக் கேட்டால் ‘ரிஸ்க் சார்' என்பார். அந்த ரிஸ்க்குக்கு ஒரு கணக்கு உண்டு. 1825இல் லண்டனில் பெஞ்சமின் காம்பர்ட்ஸ் என்ற இன்சூரன்ஸ் கணித அறிஞர் மரணப் பட்டியல்களைப் புரட்டி ஒரு விஷயத்தைக் கண்டார். வளர்ந்த மனிதன் ஓர் ஆண்டுக்குள் இறந்து போகும் வாய்ப்பு, குறிப்பிட்ட இடைவெளியில் இரட்டிப்பாகிக் கொண்டே போகிறது. இன்றைய கணக்கில் அந்த இடைவெளி ஏறக்குறைய 8 ஆண்டு. 30 வயதில் ஒரு பங்கு என்றால் 38இல் இரண்டு, 46இல் நான்கு, 54இல் எட்டு, 62இல் பதினாறு, 70இல் முப்பத்திரண்டு. கூட்டு வட்டி மாதிரி. முன் வரிசையில் பலர் முப்பத்திரண்டைத் தாண்டி விட்டார்கள். ஆனாலும் நன்றாகத்தான் சிரித்துக் கொண்டிருக்கிறார்கள்.

முப்பதுக்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது. குழந்தை பிறக்கும்போது ஆபத்து மிக அதிகம். அங்கிருந்து மளமளவென்று இறங்கி, 10 வயதையொட்டி அடிமட்டத்துக்கு வருகிறது. மனித வாழ்க்கையிலேயே மிகப் பத்திரமான காலம் அஞ்சாங் கிளாஸ் படிக்கிற காலம். அதன் பிறகு பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை ஒரு சின்ன மேடு. அந்த மேடு பெரும்பாலும் நோயால் வருவதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குழந்தைகள். என் வயதுக்காரர்கள் பலருக்கு அம்மா சொன்ன கதை ஒன்று உண்டு: ‘உனக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, தங்கலை.' 1971இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 113 முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020இல் அந்த எண் 13. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், கிராமச் செவிலியர்கள், கொஞ்சம் கூடுதல் சாப்பாடு என்று பல கை சேர்ந்து இழுத்த தேர் இது. அதில் ஒரு கை உப்பு, சர்க்கரைத் தண்ணீர். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்து போனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற கல்கத்தா டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியே கொடுக்கச் சொன்னார். செத்துப் போயிருக்க வேண்டிய ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்று மருந்துக் கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பரவியதற்கு அந்த முகாம் ஒரு பெரிய காரணம். இந்தக் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டு விழாவைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

சரி, மிச்சமிருக்கும் அந்த 13? அதில் 9 முதல் மாதத்திலேயே போய் விடுகின்றன. எடை குறைந்து பிறப்பது, மாதத்துக்கு முன் பிறப்பது இதற்குப் பெரிய காரணங்கள். ஆக, இன்று குழந்தையின் ஆபத்து பெரும்பாலும் அம்மாவின் வயிற்றில் தீர்மானமாகிறது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த, கொஞ்சம் பயமும் தருகிற விஷயம் வருகிறது.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் என்று ஒரு மாவட்டம். 1911 தொடங்கி அங்கே பிறந்த குழந்தைகளின் எடையைச் செவிலியர்கள் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். பிறந்தபோது எவ்வளவு, ஒரு வயதில் எவ்வளவு. சுமார் 60, 70 ஆண்டு கழித்து டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அந்தக் குழந்தைகள் கிழவர்களாகி எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார். எடை குறைந்திருந்த ஆண் குழந்தைகளே பிற்காலத்தில் மாரடைப்பால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை.

நம் நாட்டில் இதைத் தொடர்ந்தவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக். 1993இல் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர ஆரம்பித்தார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தையிடம் எங்கே குறைகிறது? சதையில், உள் உறுப்புகளில். கொழுப்பில் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. 2004இல் யாக்னிக் தன்னையும் யட்கின் என்ற லண்டன் டாக்டரையும் சேர்த்துப் படம் எடுத்து ஒரு மருத்துவப் பத்திரிகையில் போட்டார். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவரும் ஒன்று, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம்! ‘எனக்குத் தொப்பையே இல்லையே, எனக்கு எப்படி சுகர்?' என்று கேட்கிற நம் ஆட்களுக்கு அந்தப் படம் பதிலின் ஒரு பாதியாவது சொல்லும்.

இதை ஏன் மாணவிகள் இருக்கும் இடத்தில் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சங்கிலியின் முதல் கண்ணி உங்களிடம் இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களில் சரிபாதி என்று வைத்துக் கொள்ளலாம். படியேறினால் மூச்சு வாங்குவது, படித்தது தலையில் நிற்காதது, எப்போதும் அசதி. இதையெல்லாம் வீட்டில் ‘சோம்பேறித்தனம்' என்பார்கள். ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு ஆகும் செலவு சினிமா டிக்கெட்டை விடக் குறைவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதுவும் இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து சேராது, ஒரு மணி நேரமாவது கழியட்டும். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சை சேர்த்தால் நன்றாகச் சேரும். ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் சாப்பாடு போதாது, மாத்திரைதான். வயிறு கறுப்பாகப் போகிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், அது மாத்திரையின் நிறம். எலும்பும் அப்படியே. இருபதுகளின் கடைசி வரை உடம்பு எலும்பில் சேமிக்கிறது. அதன் பிறகு எடுத்துச் செலவழிப்பதுதான். பாட்டி ஆனபின் இடுப்பு எலும்பு தாங்குமா என்பதில் பாதியை இப்போதே எழுதுகிறீர்கள்.

அந்த மேட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18க்கும் 45க்கும் இடைப்பட்டவர்கள்; நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். தம்பிகளே, உங்கள் வயதில் உங்களைக் கொல்லக் கூடியது கொலஸ்ட்ரால் அல்ல. ஹெல்மெட்டை டாங்க் மேல் வைத்துக் கொண்டு போலீஸ்காரரைப் பார்த்தவுடன் மாட்டுவது போலீஸ்காரரின் உயிரைக் காப்பாற்றாது. வார் பூட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே தலையை விட்டுக் கழன்று ஓடும். பின்னால் உட்காரும் நண்பனுக்கும் தலை உண்டு.

மேட்டின் இன்னொரு பகுதியைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. அதே 2022இல் நாட்டில் 13,044 மாணவ மாணவியர் தம் உயிரைத் தாமே முடித்துக் கொண்டார்கள். கூடப் படிக்கிறவன் திடீரென்று ஒதுங்குகிறான், தூங்குவதில்லை, தன் பொருள்களை எடுத்துக் கொடுக்கிறான், ‘நான் இல்லாட்டி யாருக்கு என்ன' என்கிறான் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டால் பல பேர் மனம் திறப்பார்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழிலும் பேசலாம், காசு இல்லை. பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த எண் விடுதிச் சுவரில் இருக்கட்டும்.

அடுத்து என் முக்கியமான ஆட்கள்: முப்பத்தைந்திலிருந்து அறுபது வரை.

இந்த மலரில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு பக்கம் ஒவ்வொரு தடவையும் வரும், கவனித்திருப்பீர்கள். நம்மை விட்டுப் பிரிந்தவர்கள் பட்டியல். அதில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டைப் பாருங்கள். கிழவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? கல்யாணப் பத்திரிகை அடித்து வைத்துவிட்டுப் போனவர், பையனை இன்ஜினியரிங் சேர்த்த வாரம் போனவர். 52 நாடுகளில் மாரடைப்பைப் பற்றி நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு ஆண்டு முந்திக் கொள்கிறோம். வேறு எதிலும் நாம் இப்படி முந்துவதில்லை.

இந்த வயதின் கஷ்டம் என்னவென்றால் சத்தம் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அழும். கிழவருக்கு மூட்டு வலித்தால் முனகுவார். 42 வயதுக்காரரின் பிரஷர் 170ஐத் தொட்டாலும் அவர் பாட்டுக்கு ஆபீஸ் போய் வருவார். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31.5 கோடி. இவர்களில் கணிசமானவர்களுக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. ‘தலை சுத்தினா பிரஷர், இல்லாட்டி இல்லை' என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலேயே நிறைய. அளந்தால்தான் தெரியும். வேறு வழி கிடையாது.

அதற்காக ‘ஃபுல் பாடி செக்கப்' என்று எழுபது பரிசோதனைப் பட்டியலுக்குப் பணம் கட்ட வேண்டாம். எழுபதில் ஏதாவது இரண்டு கோடு தாண்டித்தான் இருக்கும். அதைத் துரத்திக் கொண்டே ஒரு மாதம் போகும். பிரஷர், சுகர், இடுப்புச் சுற்றளவு: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80க்கு மேல் போகக் கூடாது. கொலஸ்ட்ரால் ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள். புகையிலை எந்த உருவத்திலும் வேண்டாம். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீ ஸ்பூன், அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ளதும் அதில் சேர்த்தி. முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களிலேயே பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரை வாங்க முதலில் நோய் இருப்பது தெரிய வேண்டுமே!

பெண்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டில் எல்லோரையும் டாக்டரிடம் கூட்டிப் போவது நீங்கள். உங்களைக் கூட்டிப் போக ஆள் இல்லை. மாதவிலக்கு நிற்கும்வரை மாரடைப்பிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. நின்றபின் அது போய் விடுகிறது. நம் பெண்களுக்கு அது 46, 47 வாக்கிலேயே வந்து விடுகிறது. பெண்ணுக்கு வரும் மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியாக வராது. தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், குமட்டல், திடீர் அசதி என்று வரும். வீட்டில் ‘கேஸ்' என்று சொல்லி இஞ்சி தட்டிக் கொடுப்பார்கள். இஞ்சி நல்லதுதான், ஆனால் முதலில் ஈ.சி.ஜி. முப்பதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அவசியம். ஐந்து நிமிட வேலை. புற்றாக மாறும் முன்பே கண்டுபிடித்து விடலாம். அதன் தடுப்பூசி உங்கள் பெண் குழந்தைக்கு, 9லிருந்து 14 வயதுக்குள் போட்டால் நல்ல பலன்.

கடைசியாகப் பெரியவர்கள். இங்கே எல்லாம் தலைகீழ். நாற்பத்தைந்தில் நான் சொன்ன அறிவுரையை எண்பதில் அப்படியே கடைப்பிடித்தால் ஆபத்து.

45 வயதில் எடை குறைந்தால் பாராட்டுவேன். 80 வயதில் சொல்லாமல் எடை குறைந்தால் பயப்படுவேன். 45இல் சுகரைக் கட்டுக்குள் இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். 80இல் அதே பிடி பிடித்தால் சுகர் தாழ்ந்து மயங்கி விழுவார். அந்த ஒரு விழுகை, சுகர் கொஞ்சம் கூட இருப்பதை விடப் பெரிய சேதம். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான்: படுக்கையிலிருந்து எழுந்து நின்றவுடன் பிரஷர் இறங்குகிறதா என்று நிற்க வைத்தும் அளக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் ‘இந்த வயதுக்கு இவ்வளவு வேணுமா?' என்று கேளுங்கள். மூன்று டாக்டர் எழுதிய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் பையில் இருக்கட்டும். சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

‘வயசானவங்களுக்கு ராத்திரி ரெண்டு இட்லி போதும்' என்பது நம் வீடுகளில் பாசத்தோடு செய்யும் கெடுதல். ஐம்பதுக்கு மேல் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு சதவீதம் தசை கரைகிறது. பருப்பு, முட்டை, பால், மீன் வேண்டும், கொஞ்சம் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து உட்காரும் பயிற்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 65க்கு மேற்பட்டவர்களில் 100க்கு 28 முதல் 35 பேர் ஓராண்டில் விழுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தால் அதன் பிறகு நிமோனியா, படுக்கைப் புண் என்று வரிசை தொடரும். குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, படுக்கைக்கும் அதற்கும் இடையில் இரவு விளக்கு, சுருண்டு கிடக்கும் மிதியடியைத் தூக்கி எறிவது. ஸ்டென்ட் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்திருக்கிறீர்கள். ஊருக்குப் போனதும் முதலில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கம்பி வையுங்கள்.

பெரியவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் இல்லாமலும் வரும். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று ஆளைத் தெரியாமல் உளறினால் ‘வயசாச்சு' என்று விடாதீர்கள்; உடம்பில் எங்கோ கிருமி இருக்கலாம், உப்பு குறைந்திருக்கலாம். பல சமயம் சரிப்படுத்தி விடலாம். அதே போல் காது. 2024இல் லான்செட் ஆணையம் மறதி நோய்க்குத் தடுக்கக் கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை அதில் முக்கியமான ஒன்று. மூக்குக் கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் காதுக் கருவிக்கு ஏன் வெட்கப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியாத மர்மம். முதியோருக்கென்று நாட்டிலேயே முதல் தனிப் பிரிவு 1978இல் நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. இத்தனை ஆண்டு கழித்தும் நம்மில் பலர் குழந்தைக்கென்று டாக்டர் தேடுகிறோம், தாத்தாவுக்கென்று தேடுவதில்லை.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு அறிவிப்பு. மேடைக்கு வலது பக்க வராந்தாவில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு பி.பி. கருவியோடு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காபி குடித்தவர்கள் அரை மணி கழித்துப் போங்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பழைய சிநேகிதர்களைப் பார்த்த நாளில் அது சிரமம்தான், முயற்சி செய்யுங்கள். 140க்கு 90ஐத் தாண்டியிருந்தால் சீட்டில் எழுதித் தருவார்கள். அதை ஒரு டாக்டரிடம் காட்டி மறுபடி அளந்து கொள்ளுங்கள். 35க்கும் 60க்கும் இடைப்பட்டவர்களுக்கு முதல் வரிசை. அம்மாவுக்கு என்ன மாத்திரை என்று அங்கே கேட்காதீர்கள். உங்கள் கையை நீட்டுங்கள்.